வீடு திரும்பிய பென் டிரைவ்

அத்தியாயம் 6

இரும்புக் கதவு முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டதும் துணுக்கு திரும்பிப் பார்த்தான். முதலில் உள்பக்கப் பூட்டு விழுந்தது. பிறகு வெளியே நின்ற காவலாளி தன் பங்குக்கு ஒரு பூட்டைப் போட்டான். லிப்டில் ஏறினாலே வியர்த்துக் கொட்டுகிற ஆள் துணுக்கு. எத்தனை மாடியானாலும் படியேறித்தான் போவான். கேட்டால் உடற்பயிற்சி என்பான்.

"அத்தை, நாம துப்பறிய வந்தோமா, இல்ல தண்டனையை அனுபவிக்க வந்தோமா?"

"வேலை நேரத்துல மேடம்னு கூப்பிடுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"மேடம், எனக்கு வெளிய போகணும்."

"இப்பதானேடா உள்ள வந்தோம்!"

அத்தை என்றால் சொந்த அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. வெகுகாலம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்தவள். அது படுத்துக்கொண்டதும், அதே மாடியில் பெயர்ப் பலகையை மட்டும் மாற்றித் துப்பறியும் நிறுவனம் ஆக்கிவிட்டாள். வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த அண்ணன் மகனைப் பிடித்து உதவியாளன் ஆக்கியதும் அவள்தான். எதற்கெடுத்தாலும் ஜோக் அடிப்பதால் அவனுக்குத் துணுக்கு என்று பெயர் வந்து, இப்போது பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அவர்கள் நுழைந்திருந்தது கேள்வித்தாள் அச்சடிக்கிற கட்டடம். நர்ஸ் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வு நாளைக் காலை. அச்சடித்த கட்டுகள் அரக்கு முத்திரையோடு எப்போதோ போய்விட்டன. அடித்தவர்கள் மட்டும் இன்னும் உள்ளேயே இருந்தார்கள். கேள்வியைக் கண்ணால் பார்த்த யாரும் தேர்வு மணி அடிக்கும்வரை வெளியே தலைகாட்டக்கூடாது என்பது விதி. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். போன் என்ற பேச்சே கிடையாது. சாப்பாடுகூடக் கதவில் இருந்த துவாரம் வழியாகத்தான் வரும். அதில் வருவதையும் போவதையும் காவலாளி சோதிப்பான்.

இந்த மூடிய வீட்டுக்கு ராஜா, சூப்பிரண்டு. மடிப்புக் கலையாத சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, பேச்சில் ஒரு குழைவு. இன்று காலை சாப்பாட்டுத் துவாரத்தில் சீட்டுக் கொடுத்து இவர்களை வரவழைத்தவர் அவர்தான். தன் அறையைத் திறந்து உட்காரவைத்தார். மேஜைமேல் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. பக்கத்துத் திரையில் கட்டடம் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாக ஓடிக்கொண்டிருந்தது. மூலைக்கு மூலை காமிரா.

"இந்த அறைச் சாவி மட்டும் என் இடுப்பை விட்டு இறங்கினதே கிடையாது மேடம்" என்றார் பெருமையாக.

"ஊர்ல பெரிய பெரிய ஏஜென்சி இருக்கே சார், எங்களை எப்படிப் பிடிச்சீங்க?" என்று கேட்டான் துணுக்கு.

"பெரிய இடம்னா இழுத்தடிப்பாங்க தம்பி. மேடம் சுருக்கா முடிச்சுக் கொடுப்பாங்கன்னு கேள்விப்பட்டேன்."

அத்தையின் முகம் மலர்ந்தது. பாராட்டுக்கு மயங்காத துப்பறிவாளர் உலகத்தில் எங்கேயாவது இருக்கலாம். அத்தையின் மாடி ஆபீஸில் இல்லை.

சூப்பிரண்டு ஒரு பென் டிரைவை மேஜைமேல் வைத்தார். பக்கங்களை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டுபோக இங்கே எல்லோரிடமும் இருக்கிற அதே கறுப்புப் பென் டிரைவ். ஆனால் இதற்குள் இருக்கக்கூடாதது இருந்தது: நாளைய கேள்வித்தாளின் பிரதி. கூடவே ஒரு சாப்ட்வேர்.

"எங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற சாப்ட்வேர் பக்கத்தைப் பூட்டிப் பூட்டித்தான் வைக்கும். வெறும் பிரதியா எடுக்கவே விடாது. இது எடுக்க விடும். இதை இன்ஸ்டால் பண்ண வேண்டியதும் இல்ல. செருகினா ஓடும், உருவினா போயிடும். கம்ப்யூட்டர்ல ஒரு சுவடு மிஞ்சாது."

"போர்ட்டபிள்" என்றாள் அத்தை.

"அதேதான். கேள்வித்தாளைக் கம்ப்யூட்டர்ல பக்கம் அமைக்கிற அம்மாவோட மேஜைக்கு அடியில ஒட்டி வச்சிருந்தது. அவங்க தங்கச்சி நாளைக்கு இதே தேர்வை எழுதறா. அதையும் மறைச்சுட்டு உள்ள வந்திருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அப்ப நாங்க எதுக்கு?"

"விதி மேடம். வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு, ஆதாரக் கவர்மேல கையெழுத்துப் போடணும். அதைப் பார்த்தாத்தான் காவலாளி கதவைத் திறப்பான். கவரையும் அந்தம்மாவையும் நான் கொண்டுபோய்ப் போலீஸ்ல ஒப்படைச்சிடுவேன். நீங்க வீட்டுக்குப் போகலாம். ஒண்ணு மட்டும், கேள்வித்தாளைத் திறந்துடாதீங்க. பார்த்தா நீங்களும் காலை வரைக்கும் உள்ளதான். சாப்ட்வேரை வேணா தட்டிப் பாருங்க."

"கையெழுத்துப் போடலேன்னா?"

"கதவு திறக்காது. மணி அடிக்கிற வரைக்கும் எல்லாரும் இங்கயேதான்."

துணுக்கு சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பக்கம் அமைக்கும் பெண்ணின் அறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு திரை. சுவரில் உயரத்தில் ஓர் எக்ஸாஸ்ட் பேன். அதன் இறக்கைகளுக்கு நடுவே வரும் கொஞ்சம் வெளிச்சமும் தெருச் சத்தமும்தான் அந்தக் கட்டடத்துக்கும் உலகத்துக்கும் மிஞ்சியிருந்த உறவு. அவள் அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். தலையை மட்டும் ஒழுங்காக வாரியிருந்தாள்.

"நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா. முதல்ல பேசலாம்" என்றாள் அத்தை.

"எதிர்ல பள்ளிக்கூடம் இருக்கு மேடம். தங்கச்சிக்கு அங்கதான் ஹால் போட்டிருக்கு. அந்த மணிச் சத்தம் இங்க நல்லாக் கேக்கும். நாளைக்கு மணி அடிச்சதும், உள்ள போயிட்டான்னு நினைச்சுக்கலாம்னு இருந்தேன்." அவள் பேனைப் பார்த்தாள். "அம்மா போனதுக்கு அப்புறம் நான்தான் அவளை வளர்த்தேன். ராப்பகலாப் படிச்சா. போன தடவை ஒரே ஒரு மார்க்குல போச்சு. என்னை ஜெயில்ல போட்டாக்கூடப் பரவாயில்ல. என் பேரைக் குற்றவாளின்னு எழுதிட்டா, அவளை ஹால் வாசல்லயே நிறுத்திடுவாங்க. அப்புறம் எந்தப் பரீட்சையும் எழுத முடியாது."

"தங்கச்சி எழுதறதை ஏன்க்கா மறைச்சீங்க?" என்றான் துணுக்கு.

"மறைக்கலை தம்பி. சொல்ல வேண்டிய இடத்துல சொன்னேன்."

மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்கிற வசனம்தான் என்று துணுக்கு நினைத்தான். வேறு எதையும் யோசிக்க முடியாதபடி அறை அவனை நெருக்கிக்கொண்டிருந்தது.

அத்தை பென் டிரைவைச் செருகினாள். கேள்வித்தாளைத் தொடாமல், சாப்ட்வேரை மட்டும் இரண்டு தட்டுத் தட்டினாள். திரை சும்மா இருந்தது. மறுபடியும் தட்டினாள். ம்ஹூம்.

"உயிர் போயிடுச்சு மேடம். நாமளும் கிளம்பலாம்."

"கீழே பட்டையைப் பாரு. அதோட அடையாளம் எரியுது. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"ஓடுதுன்னா எங்க? எங்க சித்தப்பா மாதிரி இருக்கே. வீட்ல இருக்கார்னு சொல்லுவாங்க, ஆளைப் பார்க்கவே முடியாது."

அத்தை சிரிக்கவில்லை. அவள் சிரிக்காவிட்டால் மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"டேய், வழக்கமான சாப்ட்வேர் தன் பழக்கவழக்கத்தையெல்லாம் கம்ப்யூட்டர்லயே விட்டு வைக்கும். இது அப்படியில்ல. வாடகை வீட்டைக் காலி பண்றவன் மாதிரி ஆணி முதற்கொண்டு பிடுங்கிக் கையோட எடுத்துட்டுப் போயிடும். எழுத்து எவ்வளவு பெரிசு, கடைசியா எந்த இடத்துல திறந்து வச்சிருந்தாங்க, அத்தனையும் பென் டிரைவுக்குள்ள. அடுத்த தடவை எங்க செருகினாலும் பழைய இடத்துலதான் போய்த் திறக்கும்."

"சரி. அதுக்கு இது ஏன் தெரியலை?"

"ஏன்னா அந்தப் பழைய இடம் இந்தத் திரையில இல்ல."

சொல்லிக்கொண்டே கீபோர்டில் எதையோ அழுத்தி, வலப்பக்க அம்புக்குறியைத் தொடர்ந்து தட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கட்டம் மெல்ல நகர்ந்து உள்ளே வந்தது. பக்கம் அமைக்கும் பெண் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"இடது பக்கம் ஒளிஞ்சிருந்தது" என்றாள் அத்தை. "அப்படீன்னா, இது குடியிருந்த கம்ப்யூட்டருக்கு இடது கைப்பக்கம் இன்னொரு திரை இருக்கு. இந்தம்மாகிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு."

"மேடம்!" என்று அந்தப் பெண் அத்தையின் கையைப் பிடித்தாள்.

"இருங்கம்மா. இதை மட்டும் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. எந்த வீடுன்னு கண்டுபிடிக்கணும்."

துணுக்கு அந்தக் கட்டத்தைக் குனிந்து பார்த்தான். அகலம் திரை முழுக்க இருந்தது. உயரம்தான் குறைச்சல். "என்ன இது, கால் பக்கம் கத்தரிச்ச பேன்ட் மாதிரி இருக்கு?"

"நானும் அதைத்தான் பார்க்கறேன். முழுசா விரிக்கிறதுக்கு ஒரு தட்டுப் போதும். மெனக்கெட்டுக் கையால இழுத்துக் கீழே இடம் விட்டிருக்காங்க."

"எதுக்கு?"

"தெரிஞ்சா நான் ஏண்டா இங்க நிக்கறேன்?"

நல்ல பிள்ளையாகத் துணுக்கு மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கப் போனான். பட்டென்று கையில் ஓர் அடி விழுந்தது.

"மூடினே, தொலைச்சேன்! இந்த இடத்தைப் புது வீடுன்னு ஞாபகம் வச்சுக்கும். இருக்கிற ஒரே சாட்சியும் போச்சு." அத்தை கட்டத்தை மூடாமலே பென் டிரைவை வெடுக்கென்று உருவினாள். "இப்ப அதுக்குப் பழைய வீடு மட்டும்தான் தெரியும். வா."

இரண்டு திரை வைத்திருப்பவர் யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. எழுத்துப் பிழை திருத்திப் புரூப் பார்ப்பவரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. மேஜையில் ஜோடியாக இரண்டு திரைகள் மினுக்கிக்கொண்டிருந்தன. துணுக்குக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. கையெழுத்து, கதவு, காற்று என்று மனசுக்குள் வரிசையாகத் தெரிந்தது.

"பெரியவரே, வசமா மாட்டினீங்க!" என்றான்.

புரூப் பார்ப்பவர் தடிமனான கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "மாட்டித்தான்ப்பா இருக்கேன். உள்ள வந்த நாள்லேர்ந்து. நீ எதைச் சொல்றே?"

"எதுக்கு ரெண்டு திரை?"

"ஒண்ணுல மூலம், ஒண்ணுல பக்கம். ரெண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டாமா? ஒத்தைக் கண்ணுல ரெண்டையும் பார்க்கச் சொல்றியா?"

அத்தை பென் டிரைவைச் செருகித் தட்டினாள். முதல் திரையில் ஒன்றுமில்லை. இரண்டாவது திரையிலும் ஒன்றுமில்லை. கீழ்ப் பட்டையில் மட்டும் அந்த அடையாளம் எரிந்தது.

"இவரோட ரெண்டாவது திரை வலது பக்கம்டா" என்றாள் அத்தை.

"முன்னால இடது பக்கம் இருந்ததை மாத்தி வச்சிருக்கலாமே!"

"எங்க வைப்பார்? இடது பக்கம் சுவர். ஒரு டம்ளர் வைக்க இடம் இருக்கா பாரு."

இல்லை. மேஜை சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. துணுக்குக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. அச்சு மிஷின் அறைக்கும் போனார்கள். அங்கே மிஷின்காரர் மட்டும் இருந்தார். கதவளவு உடம்பு, பளபளக்கிற வழுக்கை, குழந்தைக் குரல். அங்கே இருந்ததும் மிஷினோடு சேர்ந்த ஒரு குட்டித் திரைதான்.

"யாரு மேடம் எடுத்தது? அந்த அக்கா எடுத்திருக்க மாட்டாங்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அவங்கதான் கஞ்சி வச்சுக் கொடுத்தாங்க" என்றார் மிஷின்காரர்.

நடைவழிக்கு வந்ததும் துணுக்கு சுவரில் சாய்ந்துவிட்டான். கூரை தலைக்கு மேலே இறங்கி வருவதுபோல இருந்தது.

"அத்தை, ஒரு கையெழுத்துத்தானே? போட்டுட்டுப் போயிடலாம். வெளிய போய் நிதானமா யோசிக்கலாம்."

அத்தை திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவனுக்கு. அவள் கைக்குட்டையை எடுத்து அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு வெளிய போய் யோசிக்க முடியுமாடா?"

துணுக்குக்கு வெட்கமாகப் போய்விட்டது. இல்லை என்று தலையாட்டினான்.

சூப்பிரண்டு கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் எல்லாம் தயார். மேஜைமேல் பழுப்புக் கவர், அரக்கு, பேனா. பக்கம் அமைக்கும் பெண்ணைப் பையோடு வரச் சொல்லி நிற்கவைத்திருந்தார். புரூப் பார்ப்பவர் அறைக்குள் ஓரமாக நின்றார். மிஷின்காரர் உள்ளே வரச் சங்கடப்பட்டு வாசலிலேயே தயங்கிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா மேடம்? பென் டிரைவைக் கவர்ல போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க. கார் வந்து நிக்குது."

"போட்டுடலாம் சார். எல்லாருடைய கம்ப்யூட்டர்லயும் செருகிப் பார்த்துட்டோம். நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது. உங்களுதுலயும் ஒரு தடவை பார்த்துட்டா முறையா முடிஞ்சிடும்."

துணுக்கு திடுக்கிட்டான். இவர் முடியாது என்று சொல்லிவிட்டால்? ஆனால் சூப்பிரண்டு கலகலவென்று சிரித்தார்.

"தாராளமா! என் கம்ப்யூட்டரைச் சல்லடை போட்டுச் சலிங்க. எதுவும் கிடைக்காது."

"கிடைக்காதுன்னு எனக்கும் தெரியும் சார்" என்றாள் அத்தை. பென் டிரைவைச் செருகினாள். இரண்டு தட்டு.

அடுத்த நொடி, இடது பக்கத்துத் திரையில் வெள்ளைக் கட்டம் பளிச்சென்று திறந்து உட்கார்ந்தது. யாரும் அம்புக்குறியைத் தொடவில்லை. யாரும் இழுக்கவில்லை. காமிராக் கட்டங்கள் அத்தனையையும் மூடிக்கொண்டு, தன் வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி அது கால் நீட்டிக்கொண்டது. கீழே மட்டும் ஒரு வரிசை மூடாமல் மிஞ்சியது. அந்த வரிசையில் ஒரு வாசல் தெரிந்தது. வாசலில் ஒரு வழுக்கைத் தலை.

"அட, நான்!" என்றார் மிஷின்காரர். தலையைத் தடவிக்கொண்டார். திரையில் இருந்தவரும் தடவிக்கொண்டார்.

துணுக்கு திரையை நோக்கிக் குனிந்தான். "கீழே இடம் விட்டது இதுக்கா! பிரதி எடுக்கும்போது யாராவது இந்த அறைக்கு வர்றாங்களான்னு பார்க்க!"

"சார் சொன்னது சரிதான்" என்றாள் அத்தை. "இது கம்ப்யூட்டர்ல ஒரு சுவடையும் விடாது. ஆனா கம்ப்யூட்டரை இது மறக்காது. அதைத்தான் நீங்க யோசிக்கலை."

சூப்பிரண்டு கதவைக் கை காட்டினார். "யாரோ என் அறைக்குள்ள வந்து..."

"சாவி உங்க இடுப்பை விட்டு இறங்கினதே இல்லன்னு சொன்னீங்களே சார்" என்றான் துணுக்கு.

"அம்மா, தங்கச்சி பரீட்சை எழுதறதைச் சொல்ல வேண்டிய இடத்துல சொன்னேன்னீங்களே, அது யார்கிட்ட?" என்று கேட்டாள் அத்தை.

பக்கம் அமைக்கும் பெண் கையை நீட்டினாள். "இவர்கிட்டதான். உள்ள வர்றதுக்கு முன்னாலயே சொன்னேன். 'பரவாயில்லம்மா, நான் பாத்துக்கறேன்'னு சொன்னார்."

"நல்லாத்தான் பாத்துக்கிட்டார்!" என்றான் துணுக்கு. உடனே இன்னொன்று உறுத்தியது. "ஆனா மேடம், திருடினவர் எதுக்குத் தானே அதை எடுத்து நம்ம கையில கொடுக்கணும்? பாக்கெட்ல போட்டுக்கிட்டு நாளைக்குப் போக வேண்டியதுதானே?"

"நாளைக்குப் போனா அது வெறும் காகிதம்டா. இன்னைக்கே வெளிய போகணும். இந்தக் கட்டடத்தை விட்டு இன்னைக்கு வெளிய போக முடிஞ்ச ஒரே பொருள் எது? சொல்லு."

துணுக்கு மேஜையைப் பார்த்தான். கவர். அரக்கு. பேனா.

"ஆதாரம்" என்றான்.

"ஆதாரம். அதையும் யாரும் சோதிக்க மாட்டாங்க. கார் போற வழியில எங்கயோ கொஞ்சம் நிக்கும், அவ்வளவுதான். நம்மைக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கக் கூப்பிடலைடா. கேள்வித்தாளை வெளிய அனுப்பிவைக்கக் கூப்பிட்டிருக்கார். பெரிய ஏஜென்சி இழுத்தடிக்கும், இந்தம்மா சுருக்கா முடிச்சுடுவான்னு!" அத்தையின் குரலில் கோபம் கொப்பளித்தது. அந்தப் பாராட்டுக்கு முகம் மலர்ந்ததை அவள் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டாள்.

சூப்பிரண்டின் குழைவு சட்டென்று காணாமல் போனது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்பச் சந்தோஷம். இப்ப என்ன பண்ணுவீங்க? இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க கத்தறது கேக்காது. துவாரத்துல சீட்டு நீட்டினாலும் என் கையெழுத்து இருந்தாத்தான் வாங்குவான். கவரும் வெளியாள் கையெழுத்தும் இல்லாம அவன் திறக்கமாட்டான். மேடம், நீங்க போட வேண்டாம். விதி ஒரு வெளியாள்னுதான் சொல்லுது." பேனாவைத் துணுக்கின் பக்கம் நகர்த்தினார். "தம்பி, நீயும் வெளியாள்தான். வாசல் பதிவுல உன் கையெழுத்தும் இருக்கு. உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. ஒரு கோடு கிழி. இந்தம்மா பேரைக்கூட எழுதலை. பென் டிரைவ் தரையில கிடந்துச்சுன்னு போட்டுக்கலாம். அவங்க தங்கச்சி நிம்மதியாப் பரீட்சை எழுதட்டும். யாருக்கும் நஷ்டமில்ல. கதவு திறக்கும். காத்து வரும்."

துணுக்கு பேனாவை எடுத்தான். கை தன்னால் எடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போதே அந்த இரும்புக் கதவைத் தாண்டித் தெருவில் நிற்கலாம். அத்தை அவனைப் பார்த்தாள். பக்கம் அமைக்கும் பெண் பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு மார்க்குல போச்சு. அவள் சொன்னது அவன் காதில் மறுபடி ஓடியது.

"சார்" என்றான் துணுக்கு. "போன தடவையும் நீங்கதான் இங்க சூப்பிரண்டா?"

சூப்பிரண்டு கவரை எடுத்து மேஜையில் தட்டி நேராக்கினார்.

"போன தடவையும் ஏதாவது ஆதாரம் வெளிய போச்சா?"

பதில் புரூப் பார்ப்பவரிடமிருந்து வந்தது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போச்சுப்பா. பேப்பர் கட்டற ஒருத்தன் பெட்டியில பென் டிரைவ் கிடைச்சுதுன்னாங்க. அவன் நான் இல்லவே இல்லன்னு கதறினான். நாங்க யாரும் நம்பலை. இன்னும் ஜெயில்லதான் இருக்கான்."

பக்கம் அமைக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய தங்கை ஏன் ஒரு மார்க்கில் தோற்றாள், கேள்வித்தாளை முன்கூட்டியே வாங்கிய யாரிடம் தோற்றாள் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

துணுக்கு பேனாவை மூடினான். தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டான்.

"சார், எனக்குக் கையெழுத்து அவ்வளவு சரியா வராது. காலை வரைக்கும் எழுதிப் பழகறேன். மணி அடிச்சதும் போடறேன்."

"டேய்!" சூப்பிரண்டு எழுந்து பென் டிரைவின்மேல் பாய்ந்தார். ஆனால் மிஷின்காரர் கூச்சத்தை விட்டு உள்ளே வந்திருந்தார். நோகாமல் அதை உருவி எடுத்தார். தன் சாமான் பெட்டியைக் கொண்டுவந்து, அதற்குள் போட்டுப் பூட்டி, வாசலை அடைத்தாற்போல் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

"கதவு உங்க சாவிதான் சார்" என்றார் அதே குழந்தைக் குரலில். "பெட்டி என் சாவி."

சூப்பிரண்டு திரையைப் பார்த்தார். கீழ்வரிசையில் வாசல் தெரிந்தது. வாசல் முழுக்க மிஷின்காரரின் முதுகு தெரிந்தது. இத்தனை நாள் மற்றவர்களைப் பூட்டி வைத்த மனிதர் மெல்ல நாற்காலியில் சரிந்தார். வெளியே காத்திருந்த கார் காத்துக்கொண்டே இருந்தது.

துணுக்குக்கு அப்புறம்தான் உறைத்தது, தன்னைத் தானே காலை வரைக்கும் பூட்டிக்கொண்டது. "மேடம், நான் வீரமாப் பேசிட்டேனா?"

"அத்தைன்னே கூப்பிடுடா" என்றாள் அவள்.

மிஷின்காரர் சற்று நகர்ந்து வழிவிட, பக்கம் அமைக்கும் பெண் துணுக்கைத் தன் அறைக்கு அழைத்துப்போனாள். எக்ஸாஸ்ட் பேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "இங்க வந்து உட்காருங்க தம்பி. இங்கதான் கொஞ்சம் காத்து வரும்."

அவன் உட்கார்ந்தான். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். யாரோ யாரையோ திட்டினார்கள். அந்தத் திட்டு அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

மறுநாள் காலை, பேன் இறக்கைகளுக்கு நடுவே வெயில் விழுந்தபோது, எதிர்ப் பள்ளிக்கூடத்து மணி கணகணவென்று அடித்தது. நடைவழிக் கோடியில் இரும்புக் கதவின் வெளிப்பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. சூப்பிரண்டிடம் வாங்கிய சாவியால் அத்தை உள்பூட்டைத் திறக்க, காவலாளியோடு மேலதிகாரிகளும் உள்ளே வந்தார்கள். அத்தை நடந்ததைச் சொல்ல, மிஷின்காரர் பெட்டியை விட்டு எழுந்தார். துணுக்கு முந்திய நாளே முடிவு செய்து வைத்திருந்தான்: கதவு திறந்தால் முதல் ஆளாக ஓட வேண்டும். நடைவழியில் பாதி தூரம் ஓடியும்விட்டான். அங்கே நின்று திரும்பிப் பார்த்தான். பக்கம் அமைக்கும் பெண் பேனுக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவன் திரும்பி வந்தான். "அக்கா, கதவு திறந்தாச்சு. வாங்க."

"தெரியும் தம்பி." அவள் பேனை அண்ணாந்து பார்த்தபடி கையை உயர்த்தினாள். "கொஞ்சம் இருங்க. அவ கேள்வித்தாளைப் பிரிக்கட்டும்."

துணுக்கு அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.